தன் முகத்தைத் தானே வரைந்த பெண் – அம்ரிதா ஷெர்-கில்



நம்ம சுவர் இதழில் தலைவர்களைப் பற்றி எழுதியாச்சு, விஞ்ஞானிகளைப் பற்றி எழுதியாச்சு, கவிஞர்களைப் பற்றியும் எழுதியாச்சு. ஓவியர்களைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை. அதனால் இந்த மாதம் நான் ஒரு ஓவியரைப் பற்றி எழுதுகிறேன். அவர் ஒரு பெண். இருபத்தெட்டு வயசு வரைக்கும்தான் உயிரோடு இருந்தார். அதற்குள்ளேயே இந்திய ஓவியத்தின் போக்கையே மாற்றிவிட்டார். அவர் பெயர் அம்ரிதா ஷெர்-கில்.

எங்கள் டிராயிங் சார் காட்டிய படப்புத்தகத்தில்தான் நான் அவரை முதலில் பார்த்தேன். ஒரு இளம்பெண் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நம்மைப் பார்க்கிற மாதிரி ஒரு படம். இதில் இருப்பவர் யார், வரைந்தவர் யார் என்று கேட்டோம். இரண்டும் ஒரே ஆள்தான் என்றார் சார். அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து நோட்டில் எழுதி வைத்தேன். அதைத்தான் இங்கே சுருக்கித் தருகிறேன்.

பிறப்பும் குடும்பமும்

அம்ரிதா 1913ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி புடாபெஸ்ட் நகரத்தில் பிறந்தார். அது ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டின் தலைநகரம். அப்பா உம்ராவ் சிங் ஷெர்-கில், பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். சமஸ்கிருதமும் பாரசீகமும் நன்றாகப் படித்தவர். அம்மா மேரி ஆன்டோனெட் ஹங்கேரி நாட்டுக்காரர். ஆபரா என்னும் இசை நாடகப் பாடகி. பியானோவும் வாசிப்பார். இவர்கள் இருவருக்கும் 1912இல் லாகூரில் கல்யாணம் நடந்தது. அம்ரிதாவுக்கு ஒரு தங்கச்சி. பெயர் இந்திரா.

அப்பாவைப் பற்றி ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. அவருக்குப் போட்டோ எடுப்பதில் ரொம்ப ஆசை. அதிலும் தன்னையே படம் எடுத்துக்கொள்வார். படிக்கிற மாதிரி, யோசிக்கிற மாதிரி, விதவிதமான உடையில் தன்னைத் தானே எடுத்த போட்டோக்கள் நிறைய இன்றைக்கும் இருக்கின்றன. செல்போன் இல்லாத காலத்திலேயே செல்ஃபி எடுத்தவர்! மகளுக்கு அந்தப் பழக்கம் தூரிகை வழியாக வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1914இல் முதல் உலகப் போர் வந்துவிட்டதால் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்க வேண்டியதாயிற்று. போர் முடிந்த பிறகு 1921இல் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறினார்கள். அப்போது அம்ரிதாவுக்கு எட்டு வயசு. சின்ன வயசிலிருந்தே கையில் கிடைத்த தாளில் எல்லாம் ஏதாவது வரைந்துகொண்டே இருப்பாராம். அதைப் பார்த்துப் பெற்றோர் ஓவிய ஆசிரியர் வைத்துக் கற்றுக் கொடுத்தார்கள்.

அம்மாவின் தம்பி எர்வின் பக்தாய் இந்தியவியல் அறிஞர். ஓவியமும் தெரிந்தவர். அவர் 1926இல் சிம்லாவுக்கு வந்தார். கற்பனையில் இருந்து வரைவதை விட, எதிரில் உட்கார்ந்திருக்கிற உண்மையான ஆளைப் பார்த்து வரையச் சொன்னார். அதனால் அம்ரிதா வீட்டில் வேலை செய்தவர்களை உட்கார வைத்து வரைந்து பழகினார். மாமா சொன்ன அந்த ஒரு பாடம் வாழ்நாள் முழுதும் கூட வந்தது.

பதினாறு வயதில் பாரிஸ்

இந்தப் பெண்ணுக்கு நல்ல பயிற்சி கிடைக்க வேண்டும் என்று குடும்பமே 1929இல் பாரிஸ் நகரத்துக்குப் போனது. நம்மை விட இரண்டு வயசுதான் பெரியவர். யோசித்துப் பாருங்கள்! முதலில் கிராந்த் ஷோமியேர் என்ற ஓவியக்கூடத்தில் பயின்றார். பிறகு பிரான்சின் பெயர் பெற்ற அரசு ஓவியப் பள்ளியான எக்கோல் தே போசாரில் லூசியன் சிமோன் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். பிரெஞ்சு மொழியையும் அங்கே போய்த்தான் நன்றாகக் கற்றார்.

பாரிஸில்தான் அவர் ஆயில் பெயிண்டில் வரையத் தொடங்கினார். ஆயில் பெயிண்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாம் வகுப்பில் பயன்படுத்துவது வாட்டர் கலர். தண்ணீரில் கரையும், சீக்கிரம் காயும், தப்பாகப் போனால் திருத்த முடியாது. ஆயில் பெயிண்டில் வண்ணப் பொடியைப் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயில் குழைப்பார்கள். அது காய நாள் கணக்கில் ஆகும். அதனால் ஈரம் இருக்கும்போதே ஒரு வண்ணத்தை இன்னொரு வண்ணத்தோடு இழைத்துவிடலாம். கன்னத்தில் வெளிச்சம் விழுகிற இடம், மூக்கின் பக்கம் நிழல் விழுகிற இடம், இரண்டுக்கும் நடுவில் கோடே தெரியாது. காய்ந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு பூசலாம், பிடிக்காவிட்டால் சுரண்டிவிட்டுத் திரும்ப வரையலாம். உயிருள்ள தோல் மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம்.

நம்ம நாட்டில் இந்த ஆயில் பெயிண்டைப் புகழ் பெற வைத்தவர் ராஜா ரவிவர்மா (1848–1906). 1873இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் பரிசு வாங்கியவர். சென்னை எழும்பூர் மியூசியத்தின் சேகரிப்பில் அவர் ஓவியங்கள் இருக்கின்றன. நம்ம தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் எழும்பூரில் இறங்கி நடந்தே போகிற தூரம்தான் அந்த மியூசியம். ரவிவர்மா தெய்வங்களையும் ராஜாக்களையும் ராணிகளையும் அழகழகாக வரைந்தார். அம்ரிதா போன வழி வேறு. அவர் முதலில் கண்ணாடி முன்னால் நின்றார்.

கண்ணாடி முன்னால்

ஓவியர் தன்னைத் தானே பார்த்து வரைகிற படத்துக்குத் தன்னுருவப் படம் என்று பெயர். 1930இலிருந்து 1932க்குள் அம்ரிதா பத்தொன்பது தன்னுருவப் படங்கள் வரைந்ததாகச் சொல்கிறார்கள். ஏன் இத்தனை? அவ்வளவு அழகு என்ற பெருமையா என்று எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி கேட்டாள். அப்படி இல்லை. அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பரோக் காலம் என்று ஒரு காலம் இருந்தது. அந்தக் கால ஓவியர்கள் இருட்டையும் வெளிச்சத்தையும் வைத்து, முகத்தை உள்ளது உள்ளபடி ஆயிலில் வரைவதில் கெட்டிக்காரர்கள். அதில் ரெம்பிராண்ட் (1606–1669) என்ற டச்சு ஓவியர் இளைஞனாக இருந்ததிலிருந்து சாகிற வருஷம் வரைக்கும் தன்னையே வரைந்துகொண்டிருந்தார். ஆயிலில் மட்டும் நாற்பது வாக்கில் வரும். இளமையில் ஜம்மென்று தொப்பி போட்டு நிற்பார். பிற்காலத்தில் கடன் வந்து வீடு போய்விட்டது. அப்போது வரைந்த படங்களில் தொங்கிய கன்னம், சுருங்கிய நெற்றி, தடித்த மூக்கு எல்லாவற்றையும் மறைக்காமல் வரைந்தார். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மனுஷனின் வாழ்க்கை வரலாறே எழுத்தில்லாமல் தெரியும்.

அதே காலத்தில் இத்தாலியில் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண் ஓவியர் இருந்தார். ஓவியக் கலையையே ஒரு பெண்ணாகக் காட்டுவது அங்கே வழக்கம். ஆண் ஓவியர்கள் அதற்கு வேறு பெண்களைத் தேட வேண்டும். ஆர்ட்டெமிசியா தானே ஒரு பெண்தானே! அதனால் தன்னையே ஓவியக் கலையாக வரைந்துவிட்டார். கையில் தூரிகையோடு வேலையில் மூழ்கிக் குனிந்திருக்கிற மாதிரி, தலைமுடி கலைந்திருக்கிற மாதிரி. அந்தக் கோணத்தில் தன்னைப் பார்க்க இரண்டு கண்ணாடி வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

தன்னை வரைவதில் என்ன லாபம்? முதல் லாபம், கூலி கொடுத்து ஆள் தேட வேண்டாம். எந்த நேரமும் தயாராக இருக்கிற ஆள் நாம்தான். இரண்டாவது, முகம் சரியாக வரவில்லை என்று யாரும் கோபப்பட மாட்டார்கள். மூன்றாவது லாபம்தான் பெரியது. நம்மை நாமே ஒரு மணி நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். நாம் கண்ணாடி பார்ப்பது பொட்டு நேராக இருக்கிறதா, முடி படிந்திருக்கிறதா என்பதற்குத்தான். அது பத்து நொடி வேலை. ஒரு மணி நேரம் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோ கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பென்சிலில் வரைந்து பார்த்தேன். என் இரண்டு புருவமும் ஒரே உயரத்தில் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பதினாலு வருஷமாக என்கூடவே இருக்கிற முகம்!

அம்ரிதாவின் தன்னுருவப் படங்களை வரிசையாகப் பாருங்கள். ஒன்றில் சிரிக்கிறார். ஒன்றில் எங்கேயோ நினைவாக இருக்கிறார். ஒன்றில் ஓவியப் பலகை முன்னால் நின்று வேலை செய்கிறார். ஒன்றில் பாரிஸ் நகரத்துப் பெண், இன்னொன்றில் புடவை கட்டிய பெண். அப்பா இந்தியர், அம்மா ஹங்கேரிக்காரர், படிப்பது பிரான்சில். நான் எந்த ஊர்ப் பெண் என்ற கேள்வி அவருக்கு இருந்திருக்காதா? அந்தக் கேள்வியைக் கண்ணாடியிடம் பத்தொன்பது தடவை கேட்ட மாதிரி எனக்குப் படுகிறது.

1932இல் 'இளம்பெண்கள்' என்ற படத்தை வரைந்தார். அதில் ஒருத்தி அவர் தங்கச்சி இந்திரா, இன்னொருத்தி பிரெஞ்சுத் தோழி. இந்தப் படத்துக்குப் பாரிஸின் பெரிய கண்காட்சியான கிராண்ட் சலோனில் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1933இல் அவரை அந்த அமைப்பின் இணை உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தேர்வானவர்களில் மிக இளையவர் அவர்தான். ஆசியாவிலிருந்து ஒரே ஆளும் அவர்தான். வயசு இருபது.

திரும்பி வந்தார்

இவ்வளவு பெயர் கிடைத்தால் யாராக இருந்தாலும் பாரிஸிலேயே இருந்துவிடுவார்கள். அம்ரிதாவுக்கோ இந்தியா போக வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. அவர் வண்ணங்களுக்குக் கிழக்கு நாட்டு வெளிச்சம்தான் பொருந்தும் என்று அவர் ஆசிரியரும் நினைத்தாராம். 1934 கடைசியில் கப்பலேறி வந்துவிட்டார்.

வந்ததும் அவர் வரைந்தது அரண்மனைகளை இல்லை. 1935இல் மலைநாட்டு ஆண்கள், மலைநாட்டுப் பெண்கள், குழந்தைகளோடு இருக்கிற ஒரு ஏழைத் தாய், இப்படி வரைந்தார். அந்த ஏழைத் தாய்க்கு அவர் வைத்த பெயர் 'பாரத மாதா'. நாம் பார்க்கிற பாரத மாதா கிரீடம் வைத்துக்கொண்டு, சிங்கத்தோடு நிற்பார் இல்லையா? இவர் படத்தில் கிரீடமும் இல்லை, சிங்கமும் இல்லை.

அதே வருஷம் 'மூன்று பெண்கள்' வரைந்தார். நம்மை விடக் கொஞ்சம் பெரிய மூன்று பெண்கள் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தரோடு ஒருத்தர் பேசவும் இல்லை. யாரோ இவர்களுக்காக எதையோ முடிவு செய்துவிட்டார்கள், இவர்கள் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும். 1937இல் பம்பாய் ஓவியச் சங்கம் இந்தப் படத்துக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

தன் வேலையில் அவருக்கு மானம் அதிகம். 1935இல் சிம்லா கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் அனுப்பினார். பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மீதியில் ஒரு படத்துக்குப் பரிசு அறிவித்தார்கள். அந்தப் பரிசை அவர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தெற்கே ஒரு பயணம்

1936 கடைசியில் அம்ரிதா ஒரு நீண்ட பயணம் கிளம்பினார். அஜந்தா குகைகளில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய சுவர் ஓவியங்களைப் பார்த்து அசந்துபோனார். எல்லோராவைப் பார்த்தார். பிறகு தெற்கே வந்தார். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர் ஓவியங்கள் முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தார். நம்ம கன்னியாகுமரிக்கும் வந்தார். (அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சமூக அறிவியல் பாடத்தில் வரும், மறந்துவிடாதீர்கள்!)

ஊர் திரும்பி 1937இல் மூன்று பெரிய படங்கள் வரைந்தார். 'மணமகளின் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்'. அவருடைய தென்னிந்திய ஓவியங்கள் என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். பிரம்மச்சாரிகள் படத்தில் வெள்ளை வேட்டியும் பூணூலுமாக ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து பேரின் நிறமும் ஒன்றில்லை. ஒருவர் கருப்பு, ஒருவர் மாநிறம், ஒருவர் அதற்கும் நடுவில். சந்தைக்குப் போகிறவர்கள் நல்ல கருப்பு. அந்தக் கருப்பில் அவர் சோம்பல் படவே இல்லை. செம்மண் கலந்த கருப்பு, ஊதா கலந்த கருப்பு, வெயில் பட்டுப் பளபளக்கிற கருப்பு என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் கிரேயான் டப்பாவைத் திறந்து பாருங்கள். வெளிர் ரோஜாவும் ஆரஞ்சும் கலந்த மாதிரி ஒன்று இருக்கும். அதற்கு நாம் எல்லாரும் சொல்கிற பெயர் ஸ்கின் கலர். அம்மா படமா, ஸ்கின் கலர். விவசாயி படமா, ஸ்கின் கலர். காந்தித் தாத்தாவுக்கும் ஸ்கின் கலர். அது யாருடைய ஸ்கின்? அந்தக் குச்சியை என் கைப்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கைக்கும் வைத்துப் பார்த்தேன். எங்கள் பெஞ்சில் நாலு பேர், நாலு பேருக்கும் பொருந்தவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதும் நிறம் கேட்கிறார்கள், டிவி விளம்பரத்திலும் நிறம் பேசுகிறார்கள், டப்பாவிலும் அப்படியே. எங்க ஆயா என்னைக் கருவாச்சி என்று கூப்பிடும். ஆசையாகத்தான் கூப்பிடும். ஆனால் பவுடர் போட்டுக்கிட்டுப் போடி என்று சொல்வதும் அதே ஆயாதான்.

1937இலேயே, பாரிஸில் பதக்கம் வாங்கிய ஒருவர், நம்ம நிறத்தை அப்படியே பெரிய துணியில் வரைந்திருக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. டிராயிங் சாரிடம் கேட்டு ஒரு வழி தெரிந்துகொண்டேன். பிரவுன் முதலில், மேலே லேசாக ஆரஞ்சு, வெளிச்சம் படுகிற இடத்தில் கொஞ்சம் மஞ்சள், நிழலில் கொஞ்சம் நீலம். செய்து பாருங்கள். உங்கள் கை மாதிரியே வரும்.

எனக்குள் ஒரு கேள்வி

பெரிய ஓவியர் என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தன்னுருவப் படங்களில் அம்ரிதா சிரிக்கிறார். ஆனால் அவர் வரைந்த கிராமத்து மக்கள், நான் பார்த்த படங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் சோகமாகவே இருக்கிறது.

ஏழைகள் எப்போதும் சோகமாகவா இருக்கிறார்கள்? தாம்பரம் மார்க்கெட்டுக்கு விடியற்காலை போய்ப் பாருங்கள். கீரைக் கட்டோடு வருகிற அக்காக்கள், பூக்கூடையோடு டிரெயின் ஏறுகிற ஆயாக்கள், எவ்வளவு சத்தம், எவ்வளவு கிண்டல்! கஷ்டம் இல்லாமல் இல்லை. எங்க அம்மாவும் அப்படி வேலைக்குப் போகிறவங்கதான், எனக்குத் தெரியும். ஆனால் சிரிக்காமல் இல்லை.

அம்ரிதா வசதியான குடும்பத்துப் பெண். அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள் கூலிக்கோ மரியாதைக்கோ அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். முன்பின் தெரியாத பெரிய வீட்டு அம்மா உற்றுப் பார்க்கும்போது யாருக்குச் சிரிப்பு வரும்? அவர் கண்ணுக்குத் தெரிந்த சோகமும் பொய் இல்லை, அடிமைப்பட்ட நாடு அது. அதை அழகுபடுத்தாமல் வரைந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தச் சந்தைக்காரப் பெண் கையில் தூரிகை இருந்து, அவள் தன்னைத் தானே வரைந்திருந்தால்? அவளும் ஒரு படத்திலாவது பல் தெரியச் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

மற்றவர் நம்மை வரைந்தால் அவர் பார்த்ததுதான் வரும். நமக்குள் இருப்பது வர வேண்டும் என்றால் நாமேதான் வரைய வேண்டும். அம்ரிதாவிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

கடைசி ஆண்டுகள்

1938இல் அம்ரிதா ஹங்கேரிக்குப் போய், உறவுக்காரரான டாக்டர் விக்டர் எகனைத் திருமணம் செய்துகொண்டார். 1939இல் இருவரும் இந்தியாவுக்கு வந்து, உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் பக்கம் சராயா என்ற கிராமத்தில் தங்கினார்கள். அங்கே அவர் குடும்பத்துக்குச் சர்க்கரை ஆலை இருந்தது. ஊஞ்சல் ஆடும் பெண்கள், கதை சொல்லும் கிழவர், மஞ்சள் அரைக்கும் பெண்கள் என்று அந்த ஊர் வாழ்க்கையை வரைந்தார். 1940இல் வரைந்த மஞ்சள் அரைப்பவர்கள் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்ம வீட்டுப் பின்பக்கம் மாதிரியே இருக்கும்.

1941 செப்டம்பரில் லாகூருக்குக் குடிபோனார்கள். டிசம்பரில் ஒரு பெரிய கண்காட்சி நடத்த ஏற்பாடு ஆகியிருந்தது. அதற்குச் சில நாள் முன்னால் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனது. டிசம்பர் 5ஆம் தேதி இறந்துவிட்டார். ஓவியப் பலகையில் ஒரு படம் பாதியில் நின்றுவிட்டது. வீட்டு மாடியிலிருந்து தெரிந்த காட்சி அது. அதில் எருமைகளும் இருக்கின்றன. முகம் யாருடையதும் இல்லை.

மறைவுக்குப் பின்

அம்ரிதாவின் ஓவியங்களை அவருடைய கணவரும் அப்பாவும் அரசுக்குக் கொடுத்தார்கள். டெல்லியில் 1954இல் திறந்த தேசிய நவீன ஓவியக் கூடத்தில் அவைதான் முக்கியமான சொத்து. 1976இல் அவர் படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வம் என்று இந்திய அரசு அறிவித்தது. அதனால் அவற்றை நாட்டை விட்டு வெளியே விற்க முடியாது.

உங்களுக்குத் தெரியுமா?

★ 1978இல் அம்ரிதாவின் 'மலைநாட்டுப் பெண்கள்' ஓவியத்தோடு தபால் தலை வெளிவந்தது.

★ டெல்லியில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

★ 1937இல் அவர் வரைந்த 'கதை சொல்பவர்' என்ற ஓவியம் 2023 செப்டம்பரில் ஏலத்தில் 61 கோடியே 80 லட்சம் ரூபாய்க்குப் போனது. அதுவரை எந்த இந்திய ஓவியத்துக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை.

★ தங்கை இந்திராவின் கணவர் கே.வி.கே. சுந்தரம் இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். இவர்களின் மகன் விவான் சுந்தரமும் (1943–2023) பெயர் பெற்ற ஓவியர். தாத்தா எடுத்த பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் இணைத்து, பெரியம்மாவும் தாத்தாவும் ஒரே படத்தில் நம்மைப் பார்க்கிற மாதிரி புதிய படங்கள் செய்தார்.

★ கண்ணாடி பார்த்து வரைந்தால் வலது இடதாக மாறிவிடும். வலது கன்னத்தில் மச்சம் இருந்தால் படத்தில் இருப்பவருக்கு இடது கன்னத்தில் இருக்கிற மாதிரி தெரியும்!

உங்களுக்கு ஒரு வேலை

ஆயில் பெயிண்டும் கேன்வாஸ் துணியும் வாங்க நம்மிடம் காசு இல்லை. ஒரு பென்சில், ஒரு தாள், கைக்கண்ணாடி போதும். முடிந்தால் கிரேயான். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். பெரிய கண்ணாக, சின்ன மூக்காக மாற்ற வேண்டாம். சினிமா நடிகை மாதிரி வேண்டாம். பல்லில் இடைவெளி இருந்தால் இடைவெளியோடு, நெற்றியில் தழும்பு இருந்தால் தழும்போடு, உங்கள் நிறத்தில் வரையுங்கள். சிரித்தாலும் சரி, முறைத்தாலும் சரி.

இந்தத் தாளின் அடியில் ஸ்கேல் வைத்து பன்னிரண்டு கட்டம் போட்டு விட்டிருக்கிறேன். முதல் கட்டத்தில் என் படம் இருக்கிறது. புருவம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும், கிண்டல் பண்ண வேண்டாம். மீதி பதினொன்றும் காலி. பையன்களும் ஒட்டலாம். பசை டப்பா எங்கள் வகுப்பு ஜன்னல் ஓரம் இருக்கிறது.



– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி